ரெம் தூக்க நடத்தைக் கோளாறில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு என்ன பங்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தூக்கத்தில் கத்துகிறார், காற்றில் குத்துகிறார், பக்கத்தில் படுத்திருப்பவரை உதைக்கிறார், கட்டிலிலிருந்து உருண்டு விழுகிறார். பல வீடுகளில் இதைக் கெட்ட கனவு என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டு மறந்துவிடுகிறார்கள். இது ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்ற நோயாக இருக்கலாம். மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில். இந்த நோயைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு பக்கத்துக்கு வருகிறேன். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் இதில் எங்கே நுழைகிறது, அதைத் தெரிந்துகொள்வதால் நோயாளிக்கு என்ன பயன் என்பதே அது.

இந்த நோய் வந்தவர் இரவில் எப்படி இருப்பார்?

பெரும்பாலும் பின்னிரவில், மூன்று மணிக்கு மேல் தொடங்கும். அதுவரை அசையாமல் தூங்கியவரின் விரல்கள் முதலில் துடிக்கும். பிறகு உதடு அசையும், முணுமுணுப்பு எழும், திடீரென்று 'போடா!' என்று உரத்த குரல் வரும். கை ஓங்கி மனைவியின் தோளில் விழும். கண்கள் மூடியே இருக்கும். அசைத்து எழுப்பினால் சில நொடிகளில் தெளிந்துவிடுவார், கனவையும் சொல்வார்: நாய் துரத்தியது, திருடன் நுழைந்தான், பாம்பை மிதித்துத் தள்ளினேன். பகலில் அதிர்ந்து பேசாத மனிதராகவும் இருப்பார். இந்த முரண்தான் குடும்பத்தாரைத் திகைக்க வைக்கிறது.

தூக்கத்தில் நடப்பது வேறு நோய். அது ஆழ்ந்த தூக்கத்தில், முன்னிரவில் வரும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி நடப்பார்கள், எழுப்பினால் குழம்புவார்கள். ரெம் கோளாறு உள்ளவர் அறையை விட்டு நடந்து போவது அரிது.

சாதாரணமாகக் கனவு காணும்போது நாம் ஏன் அசைவதில்லை?

கண்மணிகள் வேகமாக அசையும் ரெம் தூக்கத்தில்தான் கதை போல நீளும் கனவுகள் அதிகம் வருகின்றன. அந்த நேரத்தில் மூளைத் தண்டின் பான்ஸ் பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டம், முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பி, கைகால் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. மூச்சுக்கான உதரவிதானமும் கண் தசைகளும் மட்டும் விதிவிலக்கு. பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜுவே 1960களில் பூனைகளின் பான்ஸ் பகுதியில் குறிப்பிட்ட இடத்தைச் சிதைத்துப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த பூனைகள் எழுந்து, இல்லாத இரையைத் துரத்தின. மனிதரில் இதே நிலையை ஒரு நோயாக அடையாளம் கண்டவர்கள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரைச் சேர்ந்த கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் குழுவினர். அவர்களின் கட்டுரை 1986இல் ஐந்து நோயாளிகளை வைத்து வெளிவந்தது.

இங்கே ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். தசையைத் தளர்த்தும் அந்த நரம்பணுக் கூட்டம் மிகச் சிறியது. அதைக் கெடுப்பது எதுவாக இருந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான். புரதக் கழிவு படிந்தாலும், ரத்தக் குழாய் அடைத்தாலும், உடலின் சொந்த எதிர்ப்பு அணுக்களே தாக்கினாலும் நோயாளி கையை வீசத்தான் செய்வார். ஆகவே 'கனவில் உதைக்கிறார்' என்பதோடு நோயறிதல் முடிவதில்லை.

அப்படியானால் நோய் எதிர்ப்பு மண்டலம் எந்த இடத்தில் வருகிறது?

இரண்டு வெவ்வேறு வழிகளில் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தேவையற்ற பயமும் தவறான நம்பிக்கையும் பிறக்கின்றன.

முதல் வழி மெதுவானது. ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் நரம்பணுக்களில் தவறாக மடிந்து படியும்போது, மூளையின் எதிர்ப்பு அணுக்கள் அதற்கு எதிர்வினை ஆற்றுகின்றன. இது பல ஆண்டுகள் நீளும். நடுத்தர வயதுக்குப் பின் வேறு காரணம் தெரியாமல் வரும் ரெம் கோளாற்றில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இரண்டாவது வழி நேரடித் தாக்குதல். எதிர்ப்பு மண்டலம் நரம்பணுக்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை அந்நியர் என்று எண்ணி எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது, அல்லது நரம்புகளின் உறையை அரிக்கிறது. இது அரிது. ஆனால் இதைக் கண்டுபிடித்தால் காரணத்துக்கே சிகிச்சை தர முடியும். அதனால்தான் அரிதானதையும் ஒவ்வொரு நோயாளியிடமும் ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதல் வகை உள்ளவர்களுக்குப் பார்கின்சன் நோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. ஷெங்க் குழுவினர் தாங்கள் பின்தொடர்ந்த 50 வயதுக்கு மேற்பட்ட 29 ஆண்களில் 38 சதவீதம் பேருக்குப் பார்கின்சன் வகை நோய் வந்ததை 1996இல் தெரிவித்தார்கள். 2013இல் அதே குழுவை மறுபடி பார்த்தபோது அது 81 சதவீதமாகியிருந்தது. 24 மையங்களில் 1,280 பேரைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் ஆண்டுக்குச் சுமார் 6.3 சதவீதம் பேர் பார்கின்சன், லூயி உடல் மறதி நோய், பல்மண்டலச் சிதைவு நோய் (மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி) ஆகியவற்றில் ஒன்றுக்கு மாறினார்கள். 12 ஆண்டுகளில் அது 73.5 சதவீதம்.

இந்த எண்களைப் படித்ததும் மனம் ஒடிந்துபோக வேண்டாம். இவை தூக்க ஆய்வகங்களுக்கு வந்து, நோய் உறுதியானவர்களின் கணக்கு. தூக்கத்தில் எப்போதாவது கத்தும் எல்லோருக்கும் பொருந்தாது. ஆண்டுக்கு ஆறு சதவீதம் என்பதை மறுபக்கமாகப் பார்த்தால், ஓர் ஆண்டில் நூறில் 94 பேர் மாறாமலேயே இருக்கிறார்கள்.

இவர்களின் மூளையில் எதிர்ப்பு அணுக்கள் வேலை செய்வதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். அங்கேதான் இந்தத் துறை சூடு பிடித்தது.

மூளைக்கென்று தனி எதிர்ப்பு அணுக்கள் உண்டு, பெயர் மைக்ரோகிளியா. கழிவை விழுங்குவதும் கிருமியை எதிர்ப்பதும் அவற்றின் வேலை. கனடாவின் வான்கூவரில் மெக்கீர் தம்பதியர் இயங்கிய குழு, பார்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் மைக்ரோகிளியா கிளர்ந்திருந்ததை 1988இல் காட்டியது. ஆனால் அது நோய் முற்றிய பின் எடுத்த படம். நெருப்பு முதலில் எப்போது பற்றியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ரெம் கோளாறு உள்ளவர்கள் இந்த இடத்தில்தான் அறிவியலுக்கு மிகப் பெரிய உதவி செய்தார்கள். அவர்களுக்குக் கை நடுக்கம் இல்லை, நடை மாறவில்லை. ஆனால் நோயின் பாதையில் இருப்பவர்கள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகக் குழு, பார்சிலோனா மருத்துவர்களோடு சேர்ந்து, இப்படிப்பட்ட 20 பேரையும் நலமாக உள்ள 19 பேரையும் பெட் ஸ்கேனில் ஒப்பிட்டது. கிளர்ந்த மைக்ரோகிளியாவோடு ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்திப் படமெடுத்தார்கள். உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா பகுதியில், குறிப்பாக இடப் பக்கத்தில், நோயாளிகளுக்கு ஒளிர்வு கூடுதலாக இருந்தது. டோபமைன் செயல்பாடும் குறையத் தொடங்கியிருந்தது. 2017இல் வெளியான இந்த முடிவின் பொருள் தெளிவு: நடுக்கம் வருவதற்கு முன்பே அங்கே அழற்சி தொடங்கிவிட்டது.

2021இல் ஆர்ஹூஸ் ஆய்வாளர்கள் இதே வகை நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். மோனோசைட் எனப்படும் வெள்ளை அணுக்களின் மேற்பரப்புக் குறியீடுகள் மாறியிருந்தன. அந்த மாற்றங்கள் மூளை ஸ்கேனில் தெரிந்த மாற்றங்களோடு தொடர்பும் காட்டின. எதிர்ப்பு மண்டலத்தின் இந்தக் கிளர்ச்சி மண்டை ஓட்டுக்குள் மட்டும் நடப்பதல்ல, உடல் முழுவதையும் தொட்டது.

அழற்சிதான் நோயை உண்டாக்குகிறதா, இல்லை நோயால் அழற்சி வருகிறதா?

என் பார்வையில் இதை ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக வைப்பதே சரியில்லை. திரண்ட ஆல்ஃபா சைனியூக்ளினை மைக்ரோகிளியா தன் ஏற்பிகளால் உணர்ந்து விழுங்கப் பார்க்கிறது. தொடக்கத்தில் அது நன்மையே. விழுங்கித் தீராமல் ஆண்டுக்கணக்கில் நீளும்போது, அது உமிழும் டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் ஒன்று பீட்டா போன்ற அழற்சிப் பொருள்கள் பக்கத்து நரம்பணுக்களையும் நலிய வைக்கின்றன. கரையானைக் கொல்ல ஊற்றிய மருந்தே மரத்தின் வேரைக் கருக்குவது போன்ற நிலை. நலிந்த நரம்பணுவில் மேலும் புரதம் திரள்கிறது, சுழல் தொடர்கிறது.

எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களும் இதில் உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகமும் கலிபோர்னியாவின் லா ஹோயா நிறுவனமும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பார்கின்சன் நோயாளிகளின் டி செல்கள் ஆல்ஃபா சைனியூக்ளின் துண்டுகளை எதிரியாக அடையாளம் காண்பது தெரிந்தது. 2020இல் வந்த அடுத்த ஆய்வு இந்த எதிர்வினை நோய் கண்டறியப்படும் காலத்தை ஒட்டி வலுவாகவும், பின்னர் தணிந்தும் காணப்படுவதாகச் சொன்னது. ஒருவரிடம் நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சேமித்த ரத்தத்திலும் அது இருந்தது. அதாவது எதிர்ப்பு மண்டலத்தின் வேகம் தொடக்க காலத்தில் அதிகம். ரெம் கோளாறு இருக்கும் காலமும் அதுதான்.

மலச்சிக்கலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ரெம் கோளாறு உள்ள பலருக்கு நாட்பட்ட மலச்சிக்கலும் வாசனை தெரியாமையும் சேர்ந்தே இருக்கும். ரசத்தில் பெருங்காயம் போட்டதே தெரியவில்லை என்று பெரியவர் சொன்னால் அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புரதத் திரட்சி சிலருக்குக் குடல் நரம்புகளில் தொடங்கி, வேகஸ் நரம்பு வழியாக மூளைத் தண்டுக்கு ஏறுகிறது என்ற கருத்தை ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் 2003 முதல் முன்வைத்தார். ரெம் கோளாற்றோடு தொடங்கும் பார்கின்சன் இந்தப் பாதைக்கு நன்றாகப் பொருந்துகிறது.

குடல்தான் உடலின் எதிர்ப்பு அணுக்கள் மிக அடர்ந்து வாழும் இடம். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குப் பார்கின்சன் வருவது 28 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவர்களில் டிஎன்எஃப் தடுப்பு மருந்து எடுத்தவர்களிடம், எடுக்காதவர்களைவிட 78 சதவீதம் குறைவாக இருந்தது. இது காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு. மருந்து நோயைத் தடுத்தது என்று இதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. இருந்தாலும் புறக்கணிக்க முடியாத தடயம்.

இரண்டாவது வழியில், எதிர்ப்பு மண்டலம் நேரடியாகத் தாக்கினால் என்ன நடக்கும்?

பார்சிலோனாவின் அலெக்ஸ் இரான்சோ குழு 2006இல் வெளியிட்ட அனுபவம் இதற்கு நல்ல சான்று. நரம்பணுக்களின் பொட்டாசியம் வழித்தடம் (சேனல்) தொடர்பான எதிர்ப்பொருள்களால் லிம்பிக் மூளை அழற்சி, அதாவது நினைவைக் கையாளும் மூளைப் பகுதியில் அழற்சி, வந்த ஆறு பேரில் ஐந்து பேருக்கு ரெம் கோளாறு இருந்தது. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சிகிச்சை கொடுத்ததும், நினைவு தெளியத் தெளிய மூன்று பேருக்கு இரவு உதையும் நின்றது. முழுமையாகத் தேறாத இருவருக்கு அது தொடர்ந்தது. இந்த வகையில் பெரும்பாலானவை எல்ஜிஐ1 என்ற புரதத்துக்கு எதிரானவை என்று பின்னர் தெரிந்தது. சில வாரங்களில் மறதி, ஒரு பக்க முகமும் கையும் வெட்டென்று இழுப்பது, ரத்தத்தில் சோடியம் குறைவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

அதே நகரிலிருந்து 2014இல் வேறொரு நோய் விவரிக்கப்பட்டது: நரம்பணுவின் மேற்பரப்பில் உள்ள ஐக்லான்5 என்ற புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாகும் ஐக்லான்5 நோய். முதலில் எட்டு நோயாளிகள். அவர்களின் தூக்க வீடியோக்களைப் பார்த்த மருத்துவர்கள் விவரித்தது மறக்க முடியாதது. படுத்தபடியே, கண்ணை மூடியபடியே, எதையோ எடுத்து வாயில் வைத்து உண்பது போலவும், நூலைப் பிடித்து முடிவது போலவும் விரல்கள் நிதானமாக வேலை செய்யும். ரெம் தூக்கத்தில் மட்டுமல்லாமல் மற்றத் தூக்க நிலைகளிலும் இது நடக்கும். கூடவே மூச்சை இழுக்கும்போது தொண்டையில் கீச்சென்ற ஒலி, விழுங்குவதில் சிரமம், நடையில் தள்ளாட்டம். இவர்களில் பலருக்கு எச்எல்ஏ டிஆர்பி1*10:01 என்ற மரபு வகை காணப்பட்டது எதிர்ப்பு மண்டலத்தைச் சுட்டியது. இறந்தவர்களின் மூளைத் தண்டில் டௌ புரதம் படிந்திருந்தது சிதைவு நோயைச் சுட்டியது. இரண்டும் ஒரே நோயில் கைகோத்து நிற்பதால்தான் இது ஆய்வாளர்களை இவ்வளவு ஈர்க்கிறது. சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்களுக்கே பலன் கூடுதல்.

எதிர்ப்பு மண்டலம் நரம்புகளின் உறையை அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் பான்ஸ் பகுதியில் அழற்சித் திட்டு விழுந்தாலும் ரெம் கோளாறு வரலாம். உடலில் மறைந்திருக்கும் புற்றுநோய்க்கு எதிராக எழும் எம்ஏ2 எதிர்ப்பொருளும் அரிதாக இதைச் செய்யும்.

நார்கோலெப்சி உள்ள இளைஞர்களுக்கும் இது வருமாமே? தடுப்பூசியால் வந்தது என்றும் படித்தேன்.

நார்கோலெப்சி என்பது பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நோய். அதன் முதல் வகையில் விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் நரம்பணுக்கள் அழிந்துபோகின்றன. ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் எச்எல்ஏ டிக்யூபி1*06:02 மரபு வகை இருப்பதால் இது எதிர்ப்பு மண்டலத்தின் தவறு என்று கருதப்படுகிறது. இவர்களில் பலருக்கு ரெம் கோளாறும் இருக்கும். ஆனால் இது பார்கின்சனுக்கு முன்னோட்டம் அல்ல.

தடுப்பூசி விஷயம் இதுதான். 2009 பன்றிக் காய்ச்சல் காலத்தில் பாண்டெம்ரிக்ஸ் என்ற ஒரு குறிப்பிட்ட தடுப்பூசிக்குப் பின் பின்லாந்திலும் சுவீடனிலும் சிறுவர்களிடையே நார்கோலெப்சி கூடியது. சீனாவின் பெய்ஜிங்கிலோ, தடுப்பூசி போடாதவர்களிடமும் அந்தக் காய்ச்சல் பரவலுக்குப் பின் கூடியது. அதாவது அந்த வைரஸே தூண்டுதலாக இருந்திருக்கலாம். இதை வைத்து எல்லாத் தடுப்பூசிகளையும் தவிர்ப்பது பெரும் பிழை. வயதானவர்களுக்குக் காய்ச்சலும் நிமோனியாவும் செய்யும் கேடு கண்கூடு.

எந்த வகை என்று வீட்டில் இருப்பவர் ஊகிக்க முடியுமா?

வேகத்தைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் கூடிவந்தது என்றால் பெரும்பாலும் முதல் வகை. சில வாரங்களில் திடீரென வந்து, கூடவே மறதி, வலிப்பு, குழப்பம், இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை, குரல் மாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் அது அவசரம். தூக்க மருத்துவரின் முன்பதிவுக்குக் காத்திராமல் நரம்பியல் மருத்துவரிடம் உடனே செல்லுங்கள். ஐம்பது வயதுக்குட்பட்டவர் என்றாலும் வேறு காரணம் தேட வேண்டும்.

மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் இதைத் தூண்டும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். குறட்டையோடு மூச்சு நிற்கும் நோயும் இதே போல உதைக்க வைக்கும். அதற்குச் சிகிச்சை கொடுத்தால் உதையும் நின்றுவிடும்.

ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா?

தெரியாது. சிஆர்பி, ஈஎஸ்ஆர் போன்ற பொதுவான அழற்சிச் சோதனைகள் இங்கே உதவாது. நோயை உறுதிசெய்வது வீடியோவோடு கூடிய இரவுத் தூக்கப் பரிசோதனைதான். தாடையில் ஒட்டிய மின்முனையின் பதிவு ரெம் தூக்கத்தில் நேர்கோடாக ஓட வேண்டும். இவர்களுக்கு அது முள்முள்ளாகத் துடிக்கும். எதிர்ப்பொருள் சோதனையை, மேலே சொன்ன சந்தேகம் எழுந்தால் மட்டும் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் செய்வார்கள்.

அழற்சிதான் பிரச்சினை என்றால் ஸ்டீராய்டு கொடுத்துவிடலாமே?

மெதுவான வகைக்குக் கூடாது. அதற்கு ஸ்டீராய்டு பலன் தரும் என்பதற்குச் சான்றில்லை. அது தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும். நேரடித் தாக்குதல் வகையில் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம், ரிட்டுக்சிமாப் ஆகியவை நோயைப் பொறுத்துக் கொடுக்கப்படுகின்றன. அதை முடிவு செய்ய வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். பார்கின்சன் தொடக்கத்தில் எதிர்ப்பு மண்டலத்தைத் தணித்தால் பலன் உண்டா என்று பார்க்க, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அசத்தியோபிரின் மருந்தை வைத்து ஒரு சோதனை நடத்தப்பட்டது. அத்தகைய மருந்து ஒன்று கைகூடும் நாளில் முதலில் பயன்பெற வேண்டியவர்கள் ரெம் கோளாறு உள்ளவர்களே. நரம்பணுக்கள் பெருமளவு அழியும் முன்பே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அவர்கள்தான்.

நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் கஷாயம் கொடுக்கலாமா?

இந்த நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்ததல்ல. கூட்டுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை. நடைப்பயிற்சி, நல்ல உணவு, மலச்சிக்கலுக்கு உரிய கவனம் இவை எப்படியும் நல்லவை.

இப்போதைக்கு என்ன சிகிச்சை?

முதலில் அடிபடாமல் காப்பது. கட்டிலின் உயரத்தைக் குறையுங்கள், அல்லது தரையில் மெத்தை விரித்துப் படுக்க வையுங்கள். தலைமாட்டில் கண்ணாடி டம்ளர், கூர்மையான மேசை, மின்விசிறி எதுவும் வேண்டாம். சன்னல் ஓரம் வேண்டாம். கோளாறு அடங்கும் வரை துணைவர் தனியே படுப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. மருந்தில் மெலடோனின் இரவில் 3 மில்லிகிராமில் தொடங்கி தேவைக்கேற்பக் கூட்டப்படுகிறது. குளோனசிபாம் குறைந்த அளவில் நன்றாகக் கேட்கும். ஆனால் முதியவர்களுக்குத் தள்ளாட்டமும் மந்தமும் தரலாம், மூச்சு நிற்கும் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. இரண்டும் இரவை அமைதியாக்கும். உள்ளே நடக்கும் சிதைவை நிறுத்துவதாக நிறுவப்படவில்லை.

பார்கின்சன் வரலாம் என்பதை அப்பாவிடம் சொல்லலாமா?

அவரிடம் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள். சிலர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு நிலம், வீடு, கணக்கு வழக்குகளை ஒழுங்குசெய்ய விரும்புவார்கள். சிலர் இன்றைக்கு மட்டும் போதும் என்பார்கள். இரண்டையும் மதிக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் பிள்ளைகள் கூடிப் பேசி மறைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அது அவருடைய உடல்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

செல்பேசியில் எடுத்த இரவு வீடியோ ஒன்றிரண்டு. எந்த ஆண்டு, எந்த மாதம் தொடங்கியது என்ற குறிப்பு. சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் வாங்கியவை உட்பட. குறட்டை, மலச்சிக்கல், வாசனை தெரியாமை, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், மறதி இவை உண்டா இல்லையா என்ற விவரம். நோயாளியோடு இரவில் அதே அறையில் தூங்குபவர் கட்டாயம் உடன் போக வேண்டும். நடந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.